பின்சக்கரத்துச் சத்தம்

வண்டி நின்ற பிறகுதான் பிரேக் சத்தம் வந்தது.

முதல் தடவை தனகோடி தன் காதைத்தான் சந்தேகப்பட்டான். ஓடுகிற வண்டியில் பிரேக்கை மிதித்தால் இரும்போடு இரும்பு உரசும், கத்தும், சக்கரம் நின்றதும் வாயை மூடிக்கொள்ளும். இருபது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் மணமை கிராமத்தில் தன் வீட்டு வாசலில், நான்கு சக்கரமும் அசையாமல் நின்று, எஞ்சினும் அணைந்து, அவன் சாவியை உருவிய பிறகு, இடது பின்சக்கரத்தின் பக்கமிருந்து அது வந்தது. ஈரத் தகரத்தில் யாரோ நகத்தை ஊன்றி இழுக்கிற மாதிரி நீளமாக ஒரு கிறீச். அப்புறம் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பதினேழு வருஷத்துப் பழைய பிக்கப். பாதியைக் கடற்காற்று தின்றது, மீதியை அவன் தொழில் தின்றது. சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோய் இறக்குகிறவன் அவன். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கிறவரை உடம்பு கெடாமல் இருக்க, கண்ணாடி மூடி போட்ட பெட்டி. திரும்பி வருகையில் பெட்டியின் அடியிலிருந்து வடிகிற தண்ணீர் பின்தளத்தில் தேங்கித் தேங்கி, தகரம் அப்பளமாகியிருந்தது. ஆகவே துரு என்று முடிவு கட்டினான். துருவுக்கு வைத்தியம் உண்டு என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

மறுநாள் திருக்கழுக்குன்றம் ரோட்டில் திருநாவுக்கரசுவின் பட்டறைக்குப் போனான். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவி, பிரேக் ஷூவை எமரி பேப்பரால் தேய்த்து, ஸ்பிரிங்கையும் மாற்றினார். ஒரு கைப்பிடி துருப்பொடி கீழே கொட்டியது. இவ்வளவு அழுக்கை வைத்துக்கொண்டு வண்டி பாட்டா பாடும் என்று இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் சத்தம் பின்சக்கரத்தில் இல்லை. அதற்கு ஒரு முழம் முன்னால் இருந்தது.

ஹேண்ட் பிரேக் கேபிளைப் பிரித்தார்கள். சத்தம் வண்டியின் நடுவுக்கு வந்தது. நடுவிலிருந்த பேரிங்கைக் கழற்றிப் பார்த்தார்கள். சத்தம் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. வீட்டுப் பக்கம் போகும்போது மட்டும், அதுவும் வண்டி முழுதாக நின்றால் மட்டும் வந்தது. திருநாவுக்கரசு பக்கத்தில் உட்கார்ந்து செங்கல்பட்டுவரை ஓட்டிப் பார்த்தபோது பல்லி சத்தம்கூட இல்லை. நான்காம் நாள் அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"வண்டில ஒண்ணும் இல்ல நைனா. டிரம்மு கண்ணாடியாட்டம் கீது. கொழந்த பொறந்ததுலேர்ந்து ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் அலைஞ்சுகினு தூங்காம கீற, அதான் காதுல கேக்குது. போய்ப் படு."

படுக்கலாம்தான். அவன் படுக்கவில்லை. பின்தளத்தில் ஏறி, தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தான். பழைய துரு கறுப்பாக, செதிளாக இருக்கும். இது புதுசு, ஆரஞ்சு நிறம், தொட்டால் விரலில் ஈரமாக ஒட்டியது. நாற்றம் இரும்பு நாற்றமில்லை. கசங்கிய சாமந்தியும் ஊதுபத்தியும், அடியில் வேறொன்றும் கலந்த நாற்றம். வால்கதவுக்குப் பக்கத்தில் ஒரு திட்டு. அரைச் சாண் தள்ளி இன்னொன்று. அதற்கு முன்னால் இன்னொன்று. எல்லாம் ஒரே அளவில், ஒரே வரிசையில், டிரைவர் கேபினைப் பார்த்து வந்திருந்தன. எண்ணினான். பதினான்கு. ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் இருந்தது.

வண்டியில் என்ன கோளாறு என்று அப்போது அவனுக்குப் புரிந்தது.

போன வாரம். சதுரங்கப்பட்டினம். சம்பூர்ணம் என்று ஒரு கிழவி, ஒற்றை ஆள். மகன் ஷார்ஜாவிலிருந்து வரவேண்டும். மழையில் கரண்ட் போய், பெட்டியின் மோட்டார் நின்றுவிட்டது. காவலிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. வாய் திறக்காமல் எழுந்து போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. பன்னிரண்டு வருஷத் தொழிலில் அவன் ஒரு நாளும் தவறினதில்லை. அன்று அவசரம். கண்ணாடி மூடியில் உள்ளங்கையை வைத்து, அந்த முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டான்.

"ஜெனரேட்டர் எடுத்துகினு வந்துடறம்மா. அதுவரைக்கும் இங்கியே இரு."

பாதி வழியில் போன் வந்தது. மனைவி காயத்ரிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. அவன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். ஆபரேஷன், பெண் குழந்தை, ஆறு வருஷத் தவம். ஜெனரேட்டர் நினைவே இல்லை. மகன் வந்தபோது முகத்தைக் காட்ட முடியாமல் துணியால் மூடி எடுத்தார்களாம். யாரும் அவனைத் திட்டவில்லை. மறுநாள் காலிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தான். அதிலிருந்துதான் சத்தம்.

இன்று காயத்ரியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். விடியற்காலையில் வயர் பிரஷ் வைத்து எல்லாத் திட்டையும் சுரண்டி, மேலே ரெட் ஆக்ஸைடு பெயின்ட் அடித்தான். ஆனாலும் அந்த வண்டியில் அவர்களை ஏற்ற மனசில்லை. ஸ்டாண்டில் ஒவ்வொரு ஆட்டோக்காரரையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டான். ஏரித் தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடுகிறது, ஆட்டோ முழுகிவிடும் என்றார்கள். தையல் போட்ட வயிற்றோடு பஸ்ஸில் ஏற்ற முடியாது. உயரமான வண்டி இது ஒன்றுதான். பின்தளத்தை மறுபடி பார்த்தான். பெயின்டுக்கு மேலேயே பதினான்கும் திரும்ப வந்திருந்தன. கடைசிக் கைக்கும் கேபினின் பின்தகரத்துக்கும் நடுவில் இரண்டு கை வைக்கத்தான் இடம்.

எங்கும் நிற்கக்கூடாது. அவ்வளவுதான். நிற்காமல் ஊருக்குள் போய், தெருமுனையிலேயே அவர்களை இறக்கி, அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் தன்னோடு ஆகட்டும். காயத்ரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வான்? இரண்டாவது கியரிலேயே ஓட்டினான். மணி ஐந்துதான், மேகத்தில் அதற்குள்ளாகவே இருட்டியிருந்தது. வேகத்தடை வந்தால் ஏறி இறங்கினான், பிரேக் பக்கம் காலைக் கொண்டுபோகவில்லை.

"இன்னா இப்படி ஓட்டிகினு போற? கொழந்த குலுங்குதில்ல," என்றாள் காயத்ரி. ரோடு சரியில்லை என்றான். மாத்திரை மயக்கத்தில் அவள் தலை மெல்ல ஜன்னலில் சாய்ந்தது.

திருக்கழுக்குன்றத்துக்குள் ஒரு மாடு குறுக்கே படுத்திருந்தது. ஹாரன் அடித்தான். எழவில்லை. வேறு வழியில்லாமல் வண்டி நின்றது.

கிறீச்.

முதுகுக்குப் பின்னால். சீட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில். சாமந்தி நாற்றம் கேபினுக்குள் வந்தது. பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று. அவன் திரும்பவில்லை. தெரிந்த சாமி பெயரெல்லாம் சொன்னான். மன்னிச்சுடும்மா, மன்னிச்சுடும்மா என்று முனகினான். மாடு எழுந்தது. ஓட்டினான்.

இன்னும் பத்து கிலோமீட்டர். எட்டு. இனி ஒரு தடவைகூட நிற்கக்கூடாது.

தரைப்பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர். முன்னால் ஒரு சைக்கிள், ரெயின்கோட் போட்ட ஆள். ஒதுங்க இடமில்லை. சைக்கிள் வழுக்கியது. ஆள் விழுந்தார். சக்கரத்துக்கு நேராக.

கால் தானாகப் போனது. மிதித்தான்.

வண்டி நின்றது.

காத்திருந்தான். சத்தம் வரவில்லை. விழுந்தவர் எழுந்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அப்போதும் வரவில்லை. வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போய்விட்டது. மன்னித்துவிட்டாள். மகராசி, மன்னித்துவிட்டாள்.

"காயத்ரி," என்று திரும்பினான்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கையும் துவண்டு, சீட்டில் மல்லாந்து கிடந்தன.

குழந்தை விழவில்லை. அவள் மடிக்கு ஒரு சாண் மேலே, சுற்றின துணியோடு, ஒருக்களித்து இருந்தது. மெல்ல ஆடியது. கண்ணை மூடி, கன்னம் குழியக் குழிய, எதையோ சப்பிக் குடித்துக்கொண்டிருந்தது. அதன் கடைவாயிலிருந்து ஆரஞ்சு நிறத் தண்ணீர் கழுத்துக்கு வழிந்தது.