படிக்கட்டின் இரண்டாவது ஸ்விட்ச்

பேஸ்மென்ட் படிக்கட்டின் விளக்கைப் போட்டுவிட்டுச் செழியன் திரும்புவதற்குள் அது அணைந்திருந்தது. தன் வேலையில்தான் எங்கோ பிசகு என்று எடுத்துக்கொண்டான்.

முன்பு அந்த விளக்குக்கு ஒரே ஸ்விட்ச், மேலே கதவோரம். பிப்ரவரியில் அவன் மனைவி வான்மதி துணிக்கூடையோடு இருட்டில் ஏறி வந்தாள். விழுந்தவள் எழவில்லை. அவள் அம்மா பவளம் அத்தை பேத்தி பிரீத்தியை வெஸ்ட் வின்ட்சரில் தன் மகன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

"கீழயும் ஒரு ஸ்விட்ச் வைங்க மாப்ள. டவுன்ஷிப் ஆபீஸ்லருந்து வந்து பாத்து சரின்னு சொல்லட்டும். அப்புறம் புள்ளய அனுப்புறேன்."

சொந்த வீட்டில் தானே செய்யலாம் என்றார்கள். பெர்மிட் வாங்கினான். வீடியோ பார்த்து, சுவரை அறுத்து, வயர் இழுத்தான். சுவரை மூடுமுன் ஒருவர் வந்து பார்த்துப்போனார். கடைசிப் பார்வைதான் பாக்கி. மேலே ஒரு ஸ்விட்ச், படிகள் திரும்பும் மூலைக்கு அப்பால் ஒன்று. எந்த முனையில் தட்டினாலும் விளக்கு மாறும். தானாக மாறாது.

திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினான். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் பகலிலும் இருண்டு கிடக்கும் அந்தப் படிக்கட்டின் வாயில் மூச்சடக்கி நின்றால், மாதக்கணக்கில் ஓடாத டிரையரின் பக்கமிருந்து சூடான துணி வாடை ஒவ்வொரு படியாக ஏறி வருவதும், வெறுங்கால் சிமென்டில் உரசுவது போன்ற ஓசை மூலைவரை வந்து நிற்பதும், பிறகு அங்கே, மிகத் தெளிவாக, டிக் என்று ஸ்விட்ச் விழுவதும் புலப்பட்டன.

வியாழக்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். வெங்கடாசலம், பொள்ளாச்சிப் பக்கம். ஸ்விட்ச் பெட்டிக்குள் டார்ச் அடித்துச் சிரித்தார்.

"யூடியூப் எலக்ட்ரீஷியனுங்களா? பரவால்லீங் தம்பி, லைசென்ஸ் வெச்சிருக்கறவனே இத்தன சுத்தமாச் செய்யமாட்டான். இங்கயே நில்லுங்க. நான் கீழருந்து தட்டறேன், அணைஞ்சா நீங்க போடுங்க."

இறங்கி மூலை திரும்பி மறைந்தார். டிக். அணைந்தது. செழியன் போட்டான். டிக். அணைந்தது. போட்டான். மறுபடியும். விளையாட்டுக்கார மனிதர்.

"ஏனுங் தம்பி, இன்னுமா அதையே தட்டிட்டிருக்கீங்?"

குரல் அவன் முதுகுக்குப் பின்னால், வாசலிலிருந்து வந்தது. வெங்கடாசலத்தின் ஷூவில் ஈரப்புல் ஒட்டியிருந்தது.

"நான் ஒரே தட்டுதானுங். அப்பவே கீழ இருக்கற வெளிக்கதவு வழியா மீட்டர் பாக்கப் போயிட்டேன். கீழ யாரு, வீட்டுக்காரம்மாங்களா?"

மூலைக்கு அப்பால் டிக் என்றது. படிகள் இருண்டன.

யாருமில்லை என்று சொல்லலாம். சொன்னால் வேலை தேறாது. பிரீத்தி வரமாட்டாள்.

"ஆமா சார்."

"சமத்துங். வீட்டுக்காரம்மாளையே ஹெல்பர் ஆக்கிட்டீங்."

கதவு நிலையில் அப்ரூவல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை அத்தை பிரீத்தியைக் கூட்டி வந்தார். ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தார். "இப்பதான் நெஞ்சு ஆறுது" என்று டீ போடப் போனார். செழியன் காரிலிருந்து குழந்தையின் பெட்டியை இறக்கி வந்தான்.

பிரீத்தி குதிகாலை உயர்த்திக்கொண்டு ஸ்விட்சைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டாடி, ஷி கீப்ஸ் டர்னிங் இட் ஆஃப்!"

"யாரும்மா?"

அவள் இறங்கத் தொடங்கியிருந்தாள்.

பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். இருட்டு. தட்டினான். எரிந்தது. பாதிப் படியில் அவள் தலை. டிக். இருட்டு. தட்டினான்.

"பிரீத்தி, ஏறி வா!"

டிக்.

இறங்கிப் பிடிக்கவேண்டும். கையை எடுத்தால் இருட்டில் விழுவாள். தட்டினான். டிக். தட்டினான்.

எரிந்தது.

கடைசிப் படியில் பிரீத்தி. ஒரு கை சுவரில். மறு கை அவள் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. மூலைக்கு அப்பாலிருந்து நீண்டிருந்த ஒரு வெளுத்த விரலை அது கெட்டியாகப் பிடித்திருந்தது.