வெளியேறாத பெயர்

முந்தின இரவு எல்லோருக்கும் 'பை' சொல்லிவிட்டுப் போன தங்கராஜுவின் பெயர், காலையில் பவானேஸ்வரி திரையைப் போட்டபோதும் அரட்டை அறையின் பட்டியலில் அப்படியே இருந்தது.

பெரிய விஷயமில்லை. அவளே எழுதிய நிரல்தான், எங்கோ ஒரு பிழை இருக்கும். காப்பியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெயரை நீக்கினாள். பெயர் மறைந்தது. அவள் கோப்பையை மறுபடி எடுப்பதற்குள் திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே நின்றது.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு செப்டம்பர் மாதம். கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடு எரிந்துகொண்டிருந்தது. மலாக்கா முழுக்கப் புகைமூட்டம். ஆயர் குரோவில் அவர்கள் குடியிருந்த தாமான் குடியிருப்பில் எதிர்வரிசை வீடுகள் இருக்கின்றனவா என்றே சந்தேகம் வரும் அளவுக்குத் தெரு மஞ்சளாய்க் கரைந்துபோயிருந்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி செருகியிருந்தும் தலையணையில், சோற்றில், குழந்தையின் தலைமுடியில் எல்லாம் எரிந்த தழையின் வாடை ஏறியிருந்தது. வெயில் இல்லை, அதனால் எதற்கும் நிழலும் இல்லை. பவானேஸ்வரி கணினி சொல்லிக்கொடுத்த கல்லூரியை ஒரு வாரத்துக்கு மூடியிருந்தார்கள். பாலர் பள்ளியும் கிடையாது. ஐந்து வயது திவ்யதர்ஷினி இருமி இருமி ஓய்ந்து முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கணவன் கவிநேசனுக்கு மட்டும் விடுப்பில்லை. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் அவனுக்குப் பகல் ஷிப்ட்.

அரட்டை அறையை நடத்தும் சர்வர் ஸ்டோர் அறையில் இருந்தது. அரிசித் தொட்டிக்கும் ஒடிந்த சைக்கிளுக்கும் நடுவே ஒரு பழைய கணினிப் பெட்டி, அதன்மேல் மோடம், அதற்கென்று தனியாக ஒரு டெலிபோன் லைன். கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போயிருந்தார்கள். ஒருத்தர் ஐசிக்யூ அரட்டையில் இருப்பார், ஒருத்தரிடம் பேஜர் மட்டும்தான். இவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைக்க அவளுக்கு ஆசை. சர்வரை நிறுவி, ஒவ்வொன்றுக்கும் பாலமாக ஒரு இணைப்பு நிரல் எழுதினாள்.

பாலத்தின் வேலை எளிது. ஐசிக்யூவில் இருப்பவர் நேரே அவள் அறைக்குள் வர முடியாது. அவருக்குப் பதிலாகப் பாலம் ஒரு பெயரை உள்ளே நிறுத்தும். அவர் அங்கே தட்டுவதை அந்தப் பெயர் இங்கே சொல்லும். அவர் போனதும் அதுவும் போய்விட வேண்டும். அவள் அவற்றை நிழல்கள் என்பாள். கவிநேசனுக்கும் ஒரு நிழல் உண்டு. அதற்கு எழுதினால் அவன் இடுப்பில் பேஜர் அதிரும். எழுத்துத் தெரியாத மகள்கூட மடியில் உட்கார்ந்து தான் சொல்வதை அம்மா தட்ட, பாப்பா என்ற பெயரில் அப்பாவுக்குச் செய்தி அனுப்புவாள்.

இரண்டாவது முறை நீக்கினாள். தங்கராஜு திரும்ப வந்தான். இந்தத் தடவை வரியும் வந்தது. வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தமிழ்.

"பவானி."

"என்னா ராஜு, தூங்கலையா நீ" என்று தட்டினாள்.

"தெரியல. எங்க இருக்கேன்னு தெரியல."

தங்கராஜு கூடப் படித்தவன், செலண்டார் ஊரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன், ஐசிக்யூ வழியாக வருபவன். விளையாட்டுப் புத்தி. சிரித்துக்கொண்டே மோடத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மோடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. இரவு படுக்கப் போகும்போது லைனைத் துண்டித்தது நினைவுக்கு வந்தது. காலையில் அவள் இன்னும் டயல் செய்யவே இல்லை. டெலிபோன் வயர் சுவரிலிருந்து கழன்று அரிசித் தொட்டியின் மூடிமேல் கிடந்தது.

வெளியே இருந்து எதுவும் உள்ளே வர வழியில்லை.

"பவானி, இருக்கியா?" என்று கேட்டது திரை.

அவள் எழுந்து முன்னறைக்குப் போனாள். வீட்டு டெலிபோனின் நீள வயரை இழுத்துக்கொண்டு ஸ்டோர் வாசல்வரை வந்து, செலண்டாருக்கு அடித்தாள். தங்கராஜுவின் அம்மா பெத்தம்மாள் எடுத்தாள்.

"பெரியம்மா, ராஜு இருக்கானா?"

"இருக்கான்மா. எந்திரிச்சதுலேருந்து பேச்சே இல்ல. வாய் அசையுது, சத்தம் வரல. எல்லாம் இந்தப் பொகையாலதான். உப்புத்தண்ணி போட்டுக் கொப்புளிக்கச் சொன்னேன். இரு, அவன்கிட்டயே கொடுக்கிறேன்."

ரிசீவர் கை மாறும் சத்தம். பிறகு மூச்சு. உதடு பிரிந்து சேரும் சின்னச் சின்ன ஈரச் சத்தங்கள், நாக்கு அண்ணத்தில் படும் சத்தம். பேசுகிற ஒருவரிடமிருந்து குரலை மட்டும் உருவி எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது அதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரையில் எழுத்துகள் ஓடின.

"பவானி, போன்ல நான்தான். பேசிக்கிட்டுத்தானே இருக்கேன். ஒனக்குக் கேக்கலையா?"

காதில் ஈரச் சத்தம் நின்றது. அதே கணம் திரையிலும் வரி நின்றது. மறுபடி காதில் உதடுகள் அசைந்தன. மறுபடி எழுத்து.

"கேக்கலையா பவானி?"

ரிசீவரை வைத்தாள். கம்ப்யூட்டர்க்காரி புரியாத எதற்கும் முதலில் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பெட்டியின் பின்னால் கை விட்டு சுவிட்சைத் தட்டினாள். விசிறியின் இரைச்சல் இறங்கி அடங்கியது. ஸ்டோர் அறையில் புகை வாடை மட்டும். பத்து எண்ணிவிட்டு மறுபடி போட்டாள்.

பட்டியல் காலியாக இருந்தது. தங்கராஜு இல்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

டெலிபோன் அடித்தது.

"பவானிமா." பெத்தம்மாளின் குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "நீ அவன்கிட்ட என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல பெரியம்மா. ஏன்?"

"உக்காந்தபடியே இருக்கான். கண்ணு தெறந்திருக்கு, மூச்சு இருக்கு. கூப்புட்டா திரும்ப மாட்டேங்கிறான். தட்டினேன். கிள்ளினேன். கையத் தூக்கிவிட்டா தூக்கின எடத்துலயே நிக்குதுமா." பெத்தம்மாள் குரலை இன்னும் இறக்கினாள். "உள்ள ஆள் இல்லாத மாதிரி இருக்கு."

பவானேஸ்வரிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னாள். வைத்தாள். பிறகு விசைப்பலகையின் முன் உட்கார்ந்து அவன் பெயரை அடித்தாள், அழைத்தாள். பாலத்தை இறக்கி ஏற்றினாள். லைனைச் சுவரில் செருகி டயல் செய்தாள். ராஜு. ராஜு. ராஜு. அப்படி யாரும் இல்லை என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சொன்னது.

நான் அணைத்தேன். அவன் அதற்குள் இருந்தான். நான் அணைத்தேன்.

வேறு யாரிடமாவது சொல்ல வேண்டும். கவிநேசன் வர வேண்டும். சர்வர் வழியாக அனுப்ப மனம் துணியவில்லை. பேஜர் ஆபரேட்டருக்கு அடித்து, உடனே வீட்டுக்கு வரச் சொல்லிச் செய்தி கொடுத்தாள். மோடம் வயரை மறுபடி பிடுங்கிப் போட்டாள். அணைக்க மட்டும் கை போகவில்லை.

முன்னறையில் குழந்தையின் இருமல் கேட்டது. ஒருமுறை. இன்னொருமுறை. எட்டிப் பார்த்தாள், போர்வைக்குள் சின்ன முதுகு ஏறி இறங்கியது. வெளியே மஞ்சள் பழுப்பாகிக்கொண்டிருந்தது. பகல் சாப்பாட்டு நேரம். தெருவிளக்குகள் தாமாகவே எரிந்தன, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு அழுக்கு வளையம்.

திரும்பி வந்தபோது பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. கவிநேசன்.

பேஜர்ப் பாலத்தின் நிழல். அது அங்கே நிற்பதில் வியப்பில்லை, சர்வர் ஏறிச் சற்று நேரத்தில் தானாக வந்து நிற்பதுதான். அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பிறகு அது பேசியது.

"வந்துக்கிட்டு இருக்கேன்மா. என்னா ஆச்சு?"

பேஜரால் வாங்க மட்டும்தான் முடியும். அனுப்ப முடியாது. அந்தப் பாலத்தில் திரும்பி வரும் வழியை அவள் கட்டவே இல்லை.

"காடியெல்லாம் வெளக்கு போட்டு ஊருது. ரோடே தெரியல." ஒரு இடைவெளி. "ஏன் என் சத்தம் எனக்கே கேக்க மாட்டேங்குது?"

இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரிகள் நின்றன. வந்தன. நின்றன. ஆயர் குரோ டோல் சாவடி வந்துவிட்டதாம். தொண்டை வலிக்கவே இல்லையாம். அதுதான் பயமாக இருக்கிறதாம்.

வாசலில் அவன் கார் வந்து நின்றது. கேட் கிறீச்சிட்டது. செருப்பைக் கழற்றும் சத்தம்.

கவிநேசன் ஆலைச் சட்டையோடு ஸ்டோர் வாசலில் வந்து நின்றான். முகத்தில் துணி கட்டியிருந்தான், அதை இறக்கினான். வாய் அசைந்தது. உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிந்தன. நாக்கு. ஈரம். வேறொன்றுமில்லை.

பின்னால் திரை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பவானி, பேச முடியல. என்னா இது?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் பார்த்த திரையை அவனும் பார்த்தான். வாசித்தான். ஒரு வார்த்தை பேசிப் பார்த்தான். அந்த வார்த்தை அங்கே விழுந்தது. கண்களில் ஏதோ நிலை தவறியது. நேரே சுவர் சாக்கெட்டை நோக்கிப் பாய்ந்தான்.

"இந்தச் சனியன நிறுத்து," என்றது திரை.

"வேணாங்க." இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஐயோ வேணாங்க. அணைச்சா ராஜு மாதிரி ஆயிடுவீங்க. சொல்றதக் கேளுங்க."

அவன் இழுத்தான். அரிசித் தொட்டி உருண்டது. அரிசி தரையெங்கும் சிதற, காலடியில் நொறுங்க, இருவரும் சத்தமில்லாத ஒரு சண்டை போட்டார்கள். அவள் மூச்சு ஒன்றுதான் கேட்டது. செலண்டாரில் நடந்ததை அவன் காதோடு காதாகச் சொன்னாள், கையைத் தூக்கிவிட்டால் அங்கேயே நிற்கிறதாம் என்று சொன்னாள். அவன் விரல்கள் தளர்ந்தன. சுவரோரம் நகர்ந்து நின்றான். கைகள் தொங்கின.

"சரி. தொடல," என்றது திரை. "நீ அணைக்காத. அணைக்காத பவானி."

"அணைக்க மாட்டேன்."

அப்போது வாசலில் அசைவு தெரிந்தது.

திவ்யதர்ஷினி. சண்டையில் விழித்திருக்க வேண்டும். தலை கலைந்து, ஒரு கன்னத்தில் தலையணைக் கோடு. அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. வாய் அகலமாகத் திறந்தது. கண்ணீர் உருண்டு வாய்க்குள் இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

சத்தம் இல்லை.

பவானேஸ்வரி திரையைப் பார்க்க விரும்பவில்லை. பார்த்தாள். பட்டியலில் பாப்பா.

"அம்மா. அம்மா. அம்மா. அம்மா."

எழுத்துத் தெரியாத பிள்ளை.

வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். விம்மல் தெரிந்தது. விலா எலும்புகள் உள்ளே போய் வெளியே வந்தன. சூடான மூச்சு கழுத்தில் பட்டது. பிள்ளை கட்டிப்பிடித்திருக்கிறாள், இங்கேதான் இருக்கிறாள், கைக்குள் இருக்கிறாள்.

"அம்மா நீ எங்க இருக்க?"

"இங்கதான்டா. இங்கதான் இருக்கேன்." குழந்தையின் காதில் சொன்னாள்.

"ஒன்ன காணோம்."

"பாரு. அம்மாவப் பாரு."

குழந்தை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஈர இமைகள். கருவிழியில் அவள் முகம். வாய் மெல்ல அசைந்தது.

"அப்பா இங்க இருக்காரு. அப்பா என் கையப் புடிச்சிருக்காரு."

பவானேஸ்வரி நிமிர்ந்தாள். கவிநேசன் எட்டாத தூரத்தில், சுவரோரம் நின்றிருந்தான். அவன் இரண்டு கைகளும் காலியாகத் தொங்கின. வலதுகையின் விரல்கள் மட்டும் மெல்ல வளைந்திருந்தன, உள்ளே ஏதோ சின்னதாக இருப்பதுபோல.

யாரும் பிளக்கைப் பிடுங்காதபடி சாக்கெட்டின் மேல் முதுகை அழுத்திக்கொண்டு அவள் சரிந்து உட்கார்ந்தாள். பிளக்கின் விளிம்பு தண்டுவடத்தில் குத்தியது. இன்னும் அழுத்தினாள். அரிசி உள்ளங்காலில் ஒட்டியது. மடியில் பிள்ளை சத்தமில்லாமல் வாய் பிளந்து அழுதுகொண்டிருக்க, எதிரே கணவன் விரல்களை மூடிக்கொண்டிருக்க, திரையில் பாப்பாவின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் வந்து நின்றது. அதற்குக் கீழே இன்னொன்று. அவள் ஒருபோதும் பாலம் கட்டித் தராதவர்களின் பெயர்கள். எதிர்வீட்டுக்காரர், மூலைக்கடைக்காரர், அவள் கேள்வியே படாதவர்கள். பட்டியல் திரையின் அடியைத் தொட்டு மேலே நகரத் தொடங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.