காலரில் விழுந்த தெளிந்த துளி

"ஆப்பிளை நறுக்கி வெச்சா ஏன்ப்பா கறுத்துப்போகுது?"

மருத்துவமனைக் கட்டிலில் இருந்து மகள் ஒருமுறை அப்படிக் கேட்டபோது, துப்பறிவாளரான தகப்பனுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த கட்டில் நோயாளியைப் பார்க்க வந்த மாணவன்தான் ஒரு துண்டில் எலுமிச்சையைத் தேய்த்துக் காட்டினான். "காத்து கடிக்குது பாப்பா. இது கடிக்க விடாது." அவள் சிரித்தாள். அதுவே அவளுடைய கடைசிச் சிரிப்பு.

இப்போது ஒரு பெண் அழுதுகொண்டே நீட்டிய படத்தில் அந்த மாணவனின் முகம்.

"என் தம்பிங்க. அடிபட்டுக் கிடந்த பேராசிரியரைத் தூக்கினான், சட்டையெல்லாம் ரத்தம். நீதான் கொன்னேன்னு போலீஸ்ல விலா எலும்பை உடைச்சுட்டாங்க. தூக்குதான்னு சொல்றாங்கய்யா!"

துப்பறிவாளரை ஊரார் 'நிதானம்' என்பார்கள். அவருடைய உதவியாளனை 'அவசரம்'.

ஆய்வுக்கூடத்தில் இரும்புத் தாங்கியால் பேராசிரியரின் மண்டையைப் பிளந்திருந்தார்கள். ரத்தம் கூரைவரை தெறித்திருந்தது. இரண்டு குடுவைகள் நொறுங்கிக் கிடந்தன. ஒன்றின் கீழே தரை கறுத்திருந்தது. மற்றதன் கீழே கறையே இல்லை.

"ரெண்டுலயும் மூளையில சுரக்கிற ரசாயனம்தான்," என்றார் பேராசிரியரோடு ஆராய்ச்சி செய்த இணை ஆய்வாளர், வாசலிலேயே நின்றபடி. "முதல்ல தண்ணி மாதிரி இருக்கும். காத்துப் பட்டா கெட்டுக் கறுத்துடும். இலைச்சாறு கலந்தா கெடாதுன்னு கணிச்சிருந்தோம். சோதிச்சுப் பார்க்க அந்த ரசாயனம் கொலை நடந்த அன்னிக்குத்தான் முதல்முதலா வந்துச்சு. சீல் பிரிக்காம அவர்கிட்ட கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"உங்க வெள்ளை கோட் எங்கே?" என்று கேட்டார் நிதானம்.

"தொலைஞ்சுபோச்சு."

அவர் திரும்பியபோது, துவைத்துத் தேய்த்த சட்டைக் காலரின் பின்புறத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நிதானம் அவசரத்தைக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார்.

மறுநாள் காவலர்கள், அக்கா, இணை ஆய்வாளர் எல்லோரும் அதே அறையில் கூடினார்கள். அவசரம் இரண்டு துணிகளைச் சோப்பில் அலசி உயர்த்தினான். ஒன்று கரியாக இருந்தது, மற்றது வெள்ளை.

"இதுல விட்டது வெறும் ரசாயனம், அதுல விட்டது இலைச்சாறு கலந்தது," என்றார் நிதானம். "ஐயா, ரத்தம் பட்ட கோட்டை ஒழிச்சுட்டீங்க. குடுவை உடைஞ்சப்போ காலர்ல விழுந்த துளி தண்ணி மாதிரி இருந்ததால உங்களுக்குத் தெரியலை. சோப்பு போட்டதும் இன்னும் வேகமாக் கறுத்துருச்சு. சீல் பிரிக்கும்போது நீங்க இங்கே இல்லைன்னா, இது எப்படி உங்க முதுகுப்பக்கம் வந்துச்சு? அந்தச் சட்டையை நேத்தே போலீஸ்ல எடுத்தாச்சு."

இணை ஆய்வாளர் உடைந்த குடுவைச் சில்லைப் பாய்ந்து எடுத்தார். தடுக்கப்போன அவசரத்தின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. நான்கு காவலர்கள் அவரைத் தரையில் அழுத்தினார்கள். பல் உடைந்த வாயோடு அவர் கத்தினார்:

"இலைச்சாறு என் கண்டுபிடிப்பு! என் பேரைப் போடமாட்டேன்னு சிரிச்சான்!"

"சொல்லிட்டுப் பாயக்கூடாதா?" என்று முனகினான் அவசரம், கையைக் கட்டிக்கொண்டே.

அன்று பிற்பகல், மருத்துவமனையில் மாணவன் கட்டுகளோடு தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். நிதானம் உள்ளே வந்து, ஆப்பிளை நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எலுமிச்சையைத் தேய்த்து, அவன் கைக்கு எட்டும்படி வைத்தார். கண்ணை மூடிக் கடவுளிடம் மகளின் பெயரைச் சொன்னார்.

பிறகு சத்தமில்லாமல் படியிறங்கினார். அவன் விழிக்கும்வரை அந்த ஆப்பிள் வெள்ளையாகவே இருக்கும்.