விற்றவர் எத்தனை மணிக்கு வந்தார்?

காலை 6.45. போத்தனூர் பம்ப்செட் கம்பெனியில் பேட்டர்ன் ரூமைத் திறந்த ஸ்டோர்காரர் நஞ்சுண்டன் விளக்கைப் போட்டார். அலமாரியில் நடுத்தட்டு காலி. பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. புது பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் பேட்டர்ன் மட்டும் காணோம்.

சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் தேக்கில் செய்த அச்சு அது. அதை மணலில் பதித்து எடுத்துத்தான் ஃபவுண்டரியில் இரும்பு ஊற்றுவார்கள். கம்பெனியை உண்டாக்கின சுந்தரராஜுலு தன் கையால் அரம் போட்டு அதன் வளைவைத் திருத்தியிருந்தார். அந்தத் திருத்தம் எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடையாது.

8.10. இன்ஸ்பெக்டர் தெய்வாத்தாள் ஜீப்பை விட்டு இறங்கினார். அவர் ரிட்டயர் ஆக மூன்று மாதம் இருந்தது. முழங்கால் இரண்டும் எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டன. முந்தின நாள் விரதம் இருந்த வயிறு இன்னும் டிபனைப் பார்க்கவில்லை. கேட்டில் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு அள்ளாமல் கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

பிளான்ட் மேனேஜர் கிருபாசங்கர் ஓடி வந்தார். “வாங்க மேடம். நாந்தானுங்க போன் போட்டேன்.”

“மொதலாளி எங்க?”

“எந்த மொதலாளிங்க?”

தெய்வாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் இல்லை. போன வருடம் கம்பெனியில் முக்கால் பங்கை மும்பை முதலீட்டுக்காரர்கள் வாங்கிவிட்டார்களாம். பெரியவர் சுந்தரராஜுலு இன்னும் மூன்று வருடம் எம்.டி.யாக இருந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. வாங்கினவர்கள் சார்பில் வம்சி என்கிற இளைஞர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீடியோ மீட்டிங்குங்க. பெரியவரை வெச்சுக்கறதா, அனுப்பிப்போடறதான்னு இன்னைக்கு முடிவு.”

“ஏன், அவரு என்ன பண்ணாரு?”

“வித்த பொறகு மனசு இங்க இல்லைங்கறாங்க. தொண்டாமுத்தூர்ல தோப்பு வாங்கிட்டாரு. ஏழு மணிக்கு வந்தவரு ஒம்பதுக்கு வாராரு. காசு பாத்தவன் இனி ஓடமாட்டான்னு அவங்க நெனப்பு.”

கட்டிக் கொடுத்த மகள் வீட்டுக்கு அப்பன் தினம் போனாலும் பேச்சு, போகாவிட்டாலும் பேச்சு. தெய்வாத்தாள் மாடி ஏறினார்.

வம்சி கண்ணாடி அறையில், லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறந்தது ஹைதராபாத், வளர்ந்தது மும்பை. இங்கே வந்து எட்டு மாதத்தில் கற்றுக்கொண்ட தமிழ்.

“சாவி எத்தனை?”

“ரெண்டு. ஒண்ணு சார்கிட்ட. ஒண்ணு என்கிட்ட. மார்னிங் நஞ்சுண்டன் என்கிட்டதான் வாங்கிட்டுப் போவார்.”

“நேத்து உங்க சாவி வேற யார் கைக்காச்சும் போச்சுங்களா?”

வம்சி கொஞ்சம் யோசித்தார். “கார்ப்பென்டர் வேலுமணி. ஈவினிங் வந்தார். கதவுல கீல் லூஸ். சாவி கொடுத்தேன். ஸ்க்ரூ முறுக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார்.”

“வேற யாரும் பாக்கலையா?”

“கேட்ல பூஜை, செம கூட்டம். யார் வந்தா, யார் போனான்னு வாட்ச்மேனுக்கே தெரியாது.” கைபேசியைப் பார்த்தார். “சாருக்கு ஏழு மணிக்கே போன் போயிடுச்சு. இன்னும் வரலை. அதையும் நோட் பண்ணிக்குங்க, மேடம்.”

கீழே வந்ததும், கூட வந்த கான்ஸ்டபிள் அவர் காதில் கிசுகிசுத்தார். “ஆசாரியத் தூக்கிட்டு வந்துரலாமுங்களாம்மா?”

“இருய்யா. ரெண்டு தட்டு தட்டினா நாந்தான் எடுத்தேம்பான். அப்புறம் பேட்டர்னை யாரு கொண்டாந்து குடுப்பா, நீயா?”

பேட்டர்ன் ரூம் கதவை நாலு முறை ஆட்டிப் பார்த்தார். கீல் சரியாகத்தான் இருந்தது. நேற்று முறுக்கியதா, என்றைக்கோ முறுக்கியதா என்று கீல் சொல்லாது. நஞ்சுண்டனும் இரண்டு பையன்களும் ஸ்டோரையே தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாடியில் வம்சி அசையவில்லை.

11.05. பழைய கார் ஒன்று உள்ளே வந்தது. சுந்தரராஜுலு இறங்கினார். அறுபத்தாறு வயது. கன்னத்தில் தலையணைக் கோடு.

“நாலு மணி நேரம் சார்,” என்றார் வம்சி, மாடிப்படியில் நின்றபடி.

“தோப்பு ரோட்டுல யானை எறங்கிருச்சு தம்பி. நான் என்ன பண்ணட்டும்?” பெரியவர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். “அது என்ற உசுருங்க, இன்ஸ்பெக்டரம்மா. இந்தக் கம்பெனிய உட்டுப்போட்டு நான் எங்க போவேன்?”

பலமுறை சொல்லித் தேய்ந்த வாசகம் போலிருந்தது. தெய்வாத்தாள் யாரையும் நம்பிப் பழகியவர் அல்ல. எல்லாரையும் மாடிக்கு வரச் சொன்னார்.

கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“வம்சி தம்பி, உங்க பையத் தொறங்க.”

“என்ன? வாரன்ட் இருக்கா?”

“இல்லைங்க. வாங்கிட்டு வரப் பொழுதாயிரும். அதுவரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்துருங்க. அஞ்சு மணி மீட்டிங்கை அங்கிருந்தே பேசிக்கலாம், நெட்வொர்க்கு நல்லாத்தான் கெடைக்குது.”

வம்சி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“நேத்து என்ன நாளுங்க?”

“தர்ஸ்டே.”

கிருபாசங்கர் தலையில் அடித்துக்கொண்டார். “அட, அமாவாசைங்க!”

“அமாவாசைதான். அதுக்குத்தான் கேட்டுல பூசணிக்கா உடைச்சாங்க. நீங்களும் நின்னு பொங்கல் வாங்கித் தின்னுருப்பீங்க. எதுக்குன்னு கேட்டுருக்க மாட்டீங்க. ஆசாரிமாருக்கு ஞாயித்துக்கெழம லீவு இல்லை தம்பி, அமாவாசைதான் லீவு. அன்னிக்கு இந்தப் பக்கத்துல ஒருத்தன் உளியத் தொட மாட்டான், திருப்புளியத் தொட மாட்டான். நீங்க சொன்ன வேலுமணி நேத்து வரவேயில்லை.”

வம்சி கைபேசியில் காலண்டரைத் திறந்தார்.

“அப்ப உங்க சாவி உங்ககிட்டயேதான் இருந்துருக்குது. பெரியவரு எடுத்தாருன்னு உங்களுக்குச் சந்தேகம் இருந்தா அவரைக் கை காட்டியிருப்பீங்க, இல்லாத ஆசாரிய எதுக்கு இழுக்கறீங்க? பொருளத் தொலைச்சவன் பொருளத் தேடுவான். நஞ்சுண்டன் தேடறாரு. நீங்க காலையில இருந்து கேட்டையும் மணியையும்தான் பாத்துட்டிருக்கீங்க.”

ஜிப் இழுபடும் சத்தம். லேப்டாப்புக்குப் பின்னால், துண்டில் சுற்றிய பேட்டர்ன்.

“இது திருட்டு இல்லை, மேடம். டெஸ்ட்.” வம்சி துண்டைப் பிரித்தார். “மும்பைல என் ஒபினியன் கேட்டாங்க. வித்த பிறகும் அவருக்கு மனசு இருக்கா, இல்லையான்னு. லேட்டா வர்றார், ஆனா வயசாச்சு. தோப்பு வாங்கினார், ஆனா யார்தான் வாங்கலை? எதை வெச்சுச் சொல்றது? உயிரான பொருள் போச்சுன்னா எவ்வளவு வேகமா ஓடி வர்றார்னு பார்க்க நினைச்சேன். மத்தியானம் திருப்பி வெச்சிருப்பேன். போலீஸ் வரும்னு நினைக்கலை.”

“உங்க பரீட்சைக்கு வேலுமணி லாக்கப்புல உக்காந்துருப்பான். அவனுக்கு எத்தனை மார்க்கு போட்டுருப்பீங்க?”

கிருபாசங்கருக்குக் குரல் ஏறியது. “பாத்தீங்களா மேடம்! கூட இருந்தே குழி பறிச்சிருக்காங்க. யானை மறிச்சா மனுசன் பறந்தா வருவான்? மீட்டிங்ல நானே சொல்றேனுங்க. பெரியவரை எவன் அனுப்பறான்னு பாக்கறேன்!”

“சாரி சார்,” என்றார் வம்சி. “இந்த ரிசல்ட்டைத் தூக்கிப் போட்டுடறேன். உங்களுக்கு முழு ஈடுபாடு இருக்குன்னே சொல்லிடறேன்.”

சுந்தரராஜுலு பேட்டர்னைக் கையில் எடுத்தார். வளைவில் கட்டைவிரலை ஓட்டினார். மேஜைமேல் வைத்தார்.

“யானையெல்லாம் வரலை தம்பி.”

கிருபாசங்கர் “ஐயா…” என்றார்.

“நீ சும்மா இரு, கிருபா. நீதானே காலையில போன் பண்ணுனே? பேட்டர்ன் காணோம்னே. செரி வாரேன்னு வெச்சேன். நெஞ்சு பதறும்னு பாத்துட்டே படுத்திருந்தேன். பதறலை. முன்னெல்லாம் அரம் ஒண்ணு காணோம்னாக்கூட எனக்குச் சோறு எறங்காது. இன்னைக்குத் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போட்டேன். எந்திரிச்சப்ப வெயில் கட்டில் மேல ஏறிருச்சு.”

கீழே லேத்து ஒன்று நின்று, மறுபடி ஓடியது. தெய்வாத்தாள் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார். இந்தக் காலையில் அங்கே கேட்ட பேச்சில் சந்தேகப்பட இடமில்லாதது இது ஒன்றுதான்.

“நீங்க பண்ணுனது அயோக்கியத்தனம் தம்பி,” என்றார் சுந்தரராஜுலு. “மொதல்ல அந்த ஆசாரி ஊட்டுக்குப் போயி மன்னிப்புக் கேளுங்க.” பேட்டர்னை வம்சியின் பக்கம் தள்ளினார். “ஆனா மார்க்கை மாத்தாதீங்க.”