ஜன்னலில் விட்டில்கள்

மழைச் சத்தம் நின்ற மாலையில், கொடியில் கிடந்த துணிகள் நனையாமலே இருந்தன. கிளாஃபீராவுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கோடையில் யெனிசெய் ஆற்றங்கரையில் மழையே பெய்யவில்லை. பைன் காட்டைத் தின்றுகொண்டிருந்த கம்பளிப்பூச்சிகளின் எச்சம்தான் இரவும் பகலும் சருகுகளின்மேல் சடசடவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. இனி தின்ன ஒன்றும் மிச்சமில்லை. அந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது. அந்தக் காட்டுக்குள் எங்கோ அவள் கணவன் ஸகார் இருந்தான்.

"நம்ம பைன் கொட்டை மரங்களையாவது பாத்துட்டு வரேன்" என்று, கோடரிக்குச் சுட்டுவிரலைப் பறிகொடுத்த வலது கையை ஆட்டிவிட்டுப் போனவன். தேடப்போனவர்கள் அவன் தொப்பியை மட்டும் கொண்டுவந்தார்கள். அதனுள் புழுக்கூடுகள் ஒட்டியிருந்தன.

காட்டுக்குப் போனவர் திரும்பும்வரை ஜன்னலில் விளக்கு எரியவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அவள் ஒரு இரவும் அணைக்கவில்லை. ஜூலையில் கூடுகளை உடைத்துக்கொண்டு விட்டில்கள் வந்தன.

"அணைச்சுத் தொலையேன்டி கிளாஃபீரா," என்றாள் பக்கத்து வீட்டு தைசியா, முக்காட்டில் ஒட்டிய சிறகுத்தூளைத் தட்டியபடி. "ஊருக்குள்ள பச்சையா நிக்கிறது நாலே மரம். அதுலயும் வந்து முட்டை வையுங்கன்னு நீயே விருந்துக்கு அழைக்கிற."

"அவரு வழி தெரியாம நிப்பாருக்கா."

"குடிச்சிட்டு, கண்ணை மூடிக்கிட்டே வீடு வந்து சேந்த மனுஷன்டி அவன்." சிரிக்கப் பார்த்தவளின் குரல் உடைந்தது. "ஒரே ஒரு ராத்திரி. எங்க பிள்ளைங்களுக்கும் அந்தக் கொட்டைதானே சோறு."

தைசியா போனபின் கிளாஃபீரா திரியை இறக்கி விளக்கை அணைத்தாள்.

மண்ணெண்ணெய்ப் புகையின் நெடி மெல்ல அடங்கியது. கண்ணாடியில் சிறகுகள் உரசும் மெத்தென்ற ஓசை, யாரோ கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வதுபோல், இருட்டெங்கும் பரவிக்கொண்டே போனது. பிறகு, முற்றத்தில் காலடி.

நின்றது. இடப்பக்கம் போனது. திரும்பியது. வலப்பக்கம்.

வீட்டைத் தேடும் காலடி.

"ஸகார்?"

அவள் இருட்டில் தீப்பெட்டியைத் துழாவினாள்.

தீக்குச்சி ஒடிந்தது. இன்னொன்று. திரி பற்றிக்கொண்டது.

ஜன்னல் முழுக்க விட்டில்கள். சாம்பல் நிறத்தில், இடைவெளியின்றி, மூச்சுவிடுவதுபோல் அசைந்தன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் எதுவும் உட்காரவில்லை.

ஓர் உள்ளங்கையின் வடிவம். சுட்டுவிரல் இல்லாதது.

அந்த இடைவெளியின் வழியே வெளிறிய கோடை இருட்டில் முற்றம் தெரிந்தது. அங்கே யாரும் இல்லை.

அவள் இந்தப் பக்கமிருந்து தன் கையை அதன்மேல் வைத்தாள். கண்ணாடி குளிர்ந்திருந்தது.

அந்த வெறுமையின் விரல்கள், ஒவ்வொன்றாக, அவள் கையைப் பற்றுவதுபோல் மடங்கின.