பின்னால் கூப்பிடாதே

"குசினிக்குள்ள சோறு காய்ச்சிறியோ, செத்தவீடு காக்கிறியோ? நாத்தம் குடலைப் புரட்டுது!"

விடிந்தும் விடியாததுமாய் அல்போன்சம்மாவின் குரல் எழுவைதீவின் அந்தக் கரையோர வீட்டை உலுக்கியது. மருமகள் மாக்கிறேற் அடுப்படி மூலையில் சாக்கின்மேல் கிடந்த கறுப்பியை வெந்நீர்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பூனைக்கு இடுப்பு முறிந்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. பின்னங்கால்கள் இரண்டிலும் உயிரில்லை. கிடந்த இடத்திலேயே எல்லாம். இப்போது புண்ணில் ஈ வேறு! யாழ்ப்பாணத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோகலாமென்றால், நேவியின் கெடுபிடியில் ஆளேற்றும் லோஞ்சு ஓடவில்லை; கரையோரத் தொழிலுக்கு மட்டும்தான் வள்ளங்களை விட்டார்கள்.

"நேற்று இரண்டு கரண்டி பால் குடிச்சது, மாமி..."

"குடிச்சதோ, நீ பருக்கினியோ? என்ர மடியில வளந்த பூனை! அது வலைக்குள்ள போய்ப் படுக்கேக்க எங்க பிராக்குப் பாத்துக்கொண்டு நிண்டனீ? இப்ப மருந்தாம், ஒத்தடமாம்... உன்ர மனச்சாட்சிக்கெல்லோ ஒத்தடம் போடுறாய்! அதுக்கு நோகுதடி, விசரி!"

மாக்கிறேற்றின் கை அப்படியே நின்றது. இந்த வீட்டில் அவள் வாங்காத ஏச்சா? ஒரு காதால் வாங்கி மறு காதால் விடப் பழகியவள்தான். ஆனால் இந்தச் சொல் உள்ளே போய்த் தைத்தது. பொய்யென்றால் தைத்திருக்குமா?

கணவன் மரியநாயகம் கடலிலிருந்து திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டான். முன்பெல்லாம் அவன் வள்ளம் கரை தட்டும் சத்தத்துக்கே கறுப்பி பாய்ந்தோடும். காகங்களோடு சண்டைபிடித்துத் தன் பங்கை வாங்கிக்கொண்டுதான் திரும்பும். அவன் கொண்டுவந்து வைத்த கறிமீனில் ஒரு சூடையை எடுத்து மாக்கிறேற் அதன் மூக்கடியில் பிடித்தாள்.

"தின்னம்மா... என்ர ராசாத்தி, ஒரு வாய்..."

கறுப்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. தன்னை நக்கித் துப்புரவாக்கிக்கொண்டே இருக்கும் பூனை அது. இப்போது தன் முன்னங்காலைக்கூட நக்கவில்லை. ஐயோ, வாயைப் பிளந்து பால் ஊற்றினேனே! யாருக்காக ஊற்றினேன்? வெட்கத்தில் அவளுடைய முகம் எரிந்தது.

"உதைக் கடலில விட்டிட்டு வாறனெண்டு அண்டைக்கே சொன்னனான்," என்றான் மரியநாயகம், மூலைப்பக்கம் பார்க்காமலே.

"ஓம்... கொண்டுபோங்கோ. நான் கறுப்பியை அதுக்காக வச்சிருக்கேல்லை. எனக்காகத்தான் வச்சிருந்தனான்." அவள் குரல் உடைந்தது. "நான் காணேல்லை எண்டு சொன்னது பொய். கண்டனான்! கறுப்பி வலைக்குள்ள படுத்திருக்க, நீங்கள் கடலுக்குப் போக நங்கூரக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனனீங்கள். கூப்பிட வாய் எடுத்தனான்..."

"பிறகேனடி கூப்பிடேல்லை?" என்று சீறினாள் அல்போன்சம்மா.

"கடலுக்குப் போற ஆம்பிளையைப் பின்னால கூப்பிடக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், மாமி! கலியாணம் முடிச்ச புதுசில ஒருக்காக் கூப்பிட்டன். அண்டைக்கு வலை கிழிஞ்சு வந்ததுக்கு, தரித்திரம் பிடிச்ச வாயெண்டு ஊர் கூட்டி ஏசினீங்கள். அதுதான்... கையால வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். கல்லு விழுந்துது."

அல்போன்சம்மா பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தாள்.

"கல்லைப் போட்டது நான்," என்றான் மரியநாயகம். "வலையை ஒருக்கா உதறிப் பாத்திருந்தால் காணும். அம்மா உன்னை ஏச ஏச, நான் வாய் மூடிக்கொண்டு இருந்திட்டன். ஆம்பிளையாம் நான்!"

அவன் குனிந்து, கல் விழுந்த பிறகு முதன்முறையாகப் பூனையைப் பார்த்தான். சாக்கை விலக்கிவிட்டுத் தான் இடுப்பில் கட்டும் நல்ல சாரத்தை எடுத்து அதைச் சுற்றினான்.

"நோகாமச் செய்யுங்கோ..."

"நோகாது. என்ர கையாலயே செய்யிறன்."

அவன் வேலிப் படலையைத் தாண்டி வள்ளத்தை நோக்கி நடந்தான். சாரத்துக்கு வெளியே கறுப்பியின் ஒரு காது மட்டும் தெரிந்தது. மாக்கிறேற் வாசலில் நின்றாள். தொண்டை வரைக்கும் வந்த குரலை அடக்க, அவள் கை தானாகவே வாய்க்குப் போனது.

அந்தக் கையை இன்னொரு கை பிடித்து இறக்கியது.

"கூப்பிடு பிள்ளை." அல்போன்சம்மாவின் கன்னமெல்லாம் கண்ணீர். "அவனைக் கூப்பிடு. அதின்ர முகத்தை ஒருக்காப் பாத்து, நெத்தியில சிலுவை போட்டு அனுப்புவம்... என்ர வாயாலதானடி அந்தக் கல்லு விழுந்தது. என்னை மன்னிச்சுக்கொள், மகளே!"

மாமி தன்னை மகளே என்று அழைத்ததை மாக்கிறேற் அன்றுதான் கேட்டாள். விம்மி அழுதபடி அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, கரையெல்லாம் கேட்கக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ!"

மரியநாயகம் திரும்பி வந்தான்.