வியாழக்கிழமை என்ன நடக்கும்?

ரூபேந்திரனிடம் அவன் அண்ணனின் பழைய கைப்பேசி இருந்தது. திரையில் குறுக்கே ஒரு விரிசல். ஆனால் எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் செயலி அதில் இருந்தது. அது போதாதா? அந்த வாரம் உலு திராம் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கெல்லாம் எதிர்காலம் சொல்பவன் அவன்தான்.

"அடுத்து யாரு? வரிசையா வாங்க லா!"

பூப்பந்துத் திடலில் யாரும் பந்து அடிக்கவில்லை. எல்லாரும் 2045-ஆம் ஆண்டில் தாங்கள் என்னவாக இருப்போம் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள்.

சமீரா செவ்வாய்க் கிரகத்தில் டாக்டராம். ரூபேந்திரன் பெரிய கம்பெனி முதலாளியாம். அதை மட்டும் அவன் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினான். லோஷினி மெர்சிங் கடலுக்கு அடியில் மீன் பண்ணை வைப்பாளாம்.

"எனக்கு மீன் வாடையே ஆகாது," என்றாள் லோஷினி.

"2045-ல ஆகும்," என்றான் ரூபேந்திரன்.

அடுத்து செல்வா வந்தான். அவனுக்குச் சந்தேகமே இல்லை. "நான் பஸ் ஓட்டுவேன். எங்கப்பா மாதிரி."

செல்வாவின் அப்பா சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பேருந்தை ஓட்டுகிறார். திரும்பி வரும்போது பேருந்து முழுக்க குறட்டைச் சத்தம்தான் கேட்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர், "பாங்குன்! பாங்குன்! உலு திராம் வந்தாச்சு, எந்திரிங்க!" என்று மலாயும் தமிழும் கலந்து கத்துவார். செல்வா அதை அச்சு அசலாகச் செய்து காட்டுவான்.

ரூபேந்திரன் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தான். "2045-ல பேருந்துகள் தாமாகவே ஓடும். ஓட்டுநர் என்ற வேலையே இருக்காது. அலமாக்! செல்வா, ஒங்கப்பா யூனிஃபார்ம் சட்டையை மியூசியத்துல வெச்சிடலாம் லா!"

எல்லாரும் சிரித்தார்கள். லோஷினியும் கொஞ்சம் சிரித்துவிட்டாள். செல்வா படியேறி வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை, பள்ளி வேனில் அவன் லோஷினி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வியாழக்கிழமை நான் ஸ்கூலுக்கு வரமாட்டேன்."

வியாழக்கிழமை பள்ளியில் 'நாளைய நான்' விழா. எதிர்காலத்தில் என்னவாக ஆசையோ அந்த உடையில் வர வேண்டும். செல்வாவின் அம்மா அவன் அப்பாவின் நீலச் சீருடைச் சட்டை ஒன்றை அவனுக்கு அளவாகப் பிடித்துத் தைத்து வைத்திருந்தார்.

"ஏன் வரமாட்ட?"

"எனக்குக் காய்ச்சல்."

"இன்னைக்குச் செவ்வாய்தானே? வியாழக்கிழமை காய்ச்சல் வரும்னு இப்பவே எப்படித் தெரியும்?"

"தெரியும்," என்று செல்வா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இவனும் ஆரூடம் சொல்லத் தொடங்கிவிட்டானே என்று லோஷினிக்கு எரிச்சலாக இருந்தது. நேற்றுத் தானும் சிரித்தது அதைவிட எரிச்சலாக இருந்தது. வேன் பள்ளிக்குப் போய்ச் சேரும்வரை அவள் யோசித்தாள். 2045-ல் நடக்கப்போவதை யார் போய்ச் சரிபார்ப்பது? அதனால்தான் அந்தக் கைப்பேசி அவ்வளவு துணிச்சலாகப் பேசுகிறது.

அன்று மாலை அவள் நேராகத் திடலுக்குப் போனாள்.

"ரூபேன், எனக்கு ஒரு கேள்வி. சமீராவோட பூனை முத்து இருக்குல்ல? அது அடுத்த தடவை எத்தனை குட்டி போடும்?"

சமீரா வாயைத் திறந்தாள். லோஷினி அவள் காலை மெல்ல மிதித்தாள்.

ரூபேந்திரன் கேட்டான். கைப்பேசி கொஞ்சமும் தயங்கவில்லை. "முத்து நான்கு அழகான குட்டிகளை ஈனும். வாழ்த்துகள்!"

சமீராவால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முத்து ஆம்பளைப் பூனை லா!"

திடலே அதிர்ந்தது. ரூபேந்திரனின் காது சிவந்தது.

"அது... நீ ஆம்பளைப் பூனைன்னு சொல்லவே இல்லையே! சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்?"

"செல்வாவைப் பத்தி நீ எல்லாம் சொன்னியா?" என்றாள் லோஷினி.

ரூபேந்திரன் கைப்பேசித் திரையைச் சட்டையில் தேய்த்துத் துடைத்தான்.

"நேத்துக் கேட்டதையே இன்னொரு தடவை கேளு."

அவன் கேட்டான். இந்த முறை கைப்பேசி, 2045-லும் சில பேருந்துகளை மனிதர்கள் ஓட்டக்கூடும் என்றது.

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா?" என்றாள் சமீரா.

"சரி லா, 2045 எனக்குத் தெரியாது," என்றான் ரூபேந்திரன். "ஆனா வியாழக்கிழமை தெரியும். வேன்ல அவன் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. செல்வா வரமாட்டான்."

"வருவான்," என்றாள் லோஷினி.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் போயிக் கூட்டிட்டு வரப்போறேன்."

வியாழக்கிழமை காலை லோஷினி கைப்பேசி சொன்ன மீன் பண்ணைக் காலணியைப் போடவில்லை. கால்நடை மருத்துவர் வேடம் போட்டிருந்தாள். கழுத்தில் முத்துவைப் போல ஒரு பொம்மைப் பூனை தொங்கியது. அந்தக் கோலத்தில் போய்ச் செல்வா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வாம்மா. காய்ச்சலாம், எந்திரிக்கவே மாட்டேங்கிறான்," என்றார் அவன் அம்மா.

செல்வா போர்வைக்குள் கிடந்தான். லோஷினி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் கச்சாங் போல ஜில்லென்று இருந்தது.

"காய்ச்சல் வரல. நீ சொன்னதும் பலிக்கல."

செல்வா போர்வையை விலக்கினான். "ஆனா நெசமாவே டிரைவர் வேலை இல்லாமப் போயிட்டா?"

போகவே போகாது என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"போகலாம். எனக்குத் தெரியல. அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது, சிரிச்சிட்டேன்."

கீழே ஹாரன் சத்தம் கேட்டது.

"வேன் வந்திருச்சு. யாரு ஓட்டுறாங்க?"

"கனகராஜ் அங்கிள்."

"அவரு இன்னைக்கு இருக்காருல்ல? காத்துக்கிட்டும் இருக்காரு. சட்டையைப் போடு."

விழாவில் செல்வாவின் முறை வந்தது. நீலச் சட்டை தோளில் சரியாகப் பொருந்தியிருந்தது. ஷாமளா டீச்சர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"பஸ் எல்லாம் இனிமே தானாவே ஓடுமாமே, செல்வா. அப்ப என்ன செய்வ?"

ரூபேந்திரன் தன் முதலாளி டையைத் திருகிக்கொண்டிருந்தான். இந்தக் கேள்விக்கு லோஷினி எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

செல்வா தலையைச் சொறிந்தான்.

"ஓடட்டும் டீச்சர். ஆனா வேலை முடிஞ்சு வர்றவங்க எல்லாம் பஸ்ல தூங்குவாங்க. பஸ் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்தா, யாரு எழுப்பி எறக்கிவிடுறது?"

முதல் வரிசையில் ஒரு அப்பா சத்தமாகச் சிரித்தார். தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்திருந்தவர். "நெசம்தான்! போன வாரம்கூட நான் தூங்கிட்டேன்!" என்று கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

திரும்பும்போது வேனுக்குள் ஒரே வெக்கை. ரூபேந்திரன் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். டை பக்கத்து இருக்கையில் கிடந்தது. அடுக்குமாடி கண்ணில் பட்டதும் செல்வா சட்டையை இழுத்துவிட்டு எழுந்து நின்றான்.

லோஷினி சமீராவின் காதோரம் குனிந்தாள். "என்ன நடக்கப்போவுதுன்னு சொல்லட்டுமா? ரூபேன் துள்ளி எந்திரிச்சு மண்டையை இடிச்சுக்குவான்."

"பாங்குன்! பாங்குன்! உலு திராம் வந்தாச்சு, எந்திரிங்க!"

டொங்.

அப்படியே பலித்தது.